உங்களுக்குத் தெரியுமா? ஹாக்கி ஏலத்தில் 4 கோடிக் கணக்கு

● 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் செலவு உச்சவரம்பு 4 கோடி ரூபாய். உரிமையாளர் எத்தனை பெரிய பணக்காரரானாலும் அதைத் தாண்ட முடியவில்லை.

● அந்தப் பணத்துக்குள் 24 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது: 16 இந்தியர், 8 வெளிநாட்டவர். தலைக்குச் சராசரி 16.67 லட்சம். அடிப்படை விலையோ 10, 5, 2 லட்சம் என மூன்று படிகள்.

● அந்த ஏலத்தின் உச்ச விலை 78 லட்சம். அந்த விலைக்கு அப்போதைய இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி எடுத்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் அடித்தவர். பெனால்டி கார்னர் நிபுணர். மிஞ்சிய 3.22 கோடியை 23 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 14 லட்சம்தான். அவருக்காக மற்ற ஒவ்வொருவர் பங்கிலும் 2.67 லட்சம் குறைந்தது.

● தமிழ்நாடு டிராகன்ஸ் வேறு வழியில் போனது. ஜிப் யான்சன் 54 லட்சம், அமித் ரோஹிதாஸ் 48 லட்சம், கோல்கீப்பர் டேவிட் ஹார்ட் 32 லட்சம். மூவருமே தற்காப்புக்காரர்கள், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இவர்களுக்கே போனது. கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற எஸ். கார்த்தியும் அதே அணிக்குத்தான் ஆடினார்.

● பெண்கள் அணிகளுக்கு வரம்பு 2 கோடி. அதிக விலை, உதிதாவுக்கு வங்காள அணி கொடுத்த 32 லட்சம்.

● வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் சம்பள வரம்பைப் பற்றிய தகராறில் 2004-05 சீசன் முழுதும் ரத்தானது. மறு சீசனில் 3.9 கோடி டாலர் வரம்பு வந்தது. 2025-26இல் அது 9.55 கோடி டாலர்.

● அங்கே ஒரு வீரருக்கு வரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது. இங்கே ஹர்மன்பிரீத்தின் பங்கு 19.5 சதவீதம்!

● என்.எச்.எல். வீரர் சிட்னி கிராஸ்பி பிறந்தது 1987 ஆகஸ்ட் 7. சட்டை எண் 87. வரம்பில் அவர் கணக்கு ஆண்டுக்கு 87 லட்சம் டாலர். சந்தை விலை ஏறியும் அதே தொகைக்குத் திரும்பத் திரும்பக் கையெழுத்திட்டார். மிச்சப் பணத்தில் நல்ல துணை வீரர்களை அணி எடுக்க முடிந்தது.

● சுந்தரபாண்டியம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இளைஞர்கள் கவனிக்க: ஹாக்கி இந்தியா லீகின் 2024 ஏல விதிப்படி அந்த 16 இந்தியரில் 4 பேர் ஜூனியராக இருக்க வேண்டியிருந்தது. 8 அணிகளில் மொத்தம் 32 இடங்கள். நட்சத்திரத்துக்குக் கொட்டிய அணி மிச்சத்தைக் குறைந்த விலைத் திறமைசாலிகளை வைத்துத்தான் நிரப்பியாக வேண்டும். மட்டையைக் கீழே வைத்துவிடாதீர்கள்!