பாடு யாருக்கு?

பணம் வைத்து ஆடும் சீட்டு மேசையில் அடுத்தவர் வில்லைகளைத் தொடக்கூடாது என்பது விதி. நேயர்களே, பழவேற்காடு ஏரியில் இதே கட்டுப்பாடு தண்ணீரின் மேல் இருக்கிறது. பெயர் 'பாடு'.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில்தான் இறால் அதிகம். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் தலைக்கட்டுகள் கூடிச் சீட்டுக் குலுக்கி இடத்தையும் முறையையும் பிரித்துக்கொள்வது வழக்கம். இருட்டில், வற்றும் நீரோடு இறால் கடலுக்கு இறங்கும் நேரம், கம்பு நட்டு வலையைக் கட்டிக் காத்திருப்பார்கள். முறை இல்லாதவர் அந்த இடத்தில் வலை இறக்கக் கூடாது; மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து விசாரிக்கும்.



அருமையான ஏற்பாடுதான். ஆனால், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இந்தப் பாடு முறையில் பங்கில்லை. அது பெருங்குறை.

பழவேற்காட்டில் படகேறினால், நட்டிருக்கும் கம்புகளை விட்டு விலகியே போகச் சொல்லுங்கள். அது ஒரு குடும்பத்தின் முறை.