நீடித்த நோவு: கூடிக் கற்கும் மாணாக்கர்

தீயைத் தொட்ட கை உடனே பின்வாங்குகிறது. நோவு உடலின் காவலன் என்பதற்கு இதுவே சான்று. ஆயின், 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவு பெரும்பாலும் அத்தகையதன்று. காயம் ஆறிய பின்னரும் நரம்பு மண்டலம் கூருணர்வு பெற்று, சிறு தூண்டலையும் பெருநோவாக உணர்த்துவதுண்டு. அதனால் உறக்கம் கெடும், உழைப்பும் வருவாயும் குறையும், கவலை மிகும், கவலை நோவை மேலும் வளர்க்கும். இச்சுழலை ஒரு துறையினர் மட்டும் அறுத்தல் அரிது.

இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் செவிலியாகவும், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், 1957-இல் மருத்துவராகவும் தகுதி பெற்றவர். நோவு உடலோடு நிற்பதன்று. உள்ளம், குடும்பம், ஆன்மிகம் ஆகியவற்றையும் பற்றியது என அவர் விளக்கினார். ஒருவரே மூன்று துறைகளைக் கற்றல் யாவர்க்கும் இயலாது. பல துறை மாணாக்கர் கூடிக் கற்றல் இயலும். உலக சுகாதார நிறுவனமும் 2010-இல் இம்முறையை வலியுறுத்தியது.

இதற்கேற்ற களம் கேரளத்தில் உண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் நோவுத் தணிப்புச் சங்கம் தோன்றியது. முதலில் புற்றுநோயாளருக்கென எழுந்த அப்பணி, பின்னர் நெடுநாள் நோயாளர் பிறரையும் தழுவியது. கல்லூரி மாணவர்களும் தொண்டர்களாயினர். 2008-இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அதன் வழி, உள்ளாட்சிகளின் பொறுப்பில் செவிலியர் நோயாளரின் இல்லத்திற்கே செல்லும் முறை பரவியது.

அவ்வில்லமே வகுப்பறையாகலாம். மறையூரில் கரும்பு வெட்டி, வெல்லம் காய்ச்சும் தொழிலாளி ஒருவர் நெடுநாள் முதுகு நோவால் வருந்துகிறார் எனக் கொள்வோம். மருத்துவ மாணவர் கால் தளர்ச்சி, சிறுநீர்த் தடை போன்ற அபாயக் குறிகள் உளவோ என ஆராய்வார். இயன்முறை மாணவர் அவர் குனிந்து சுமை தூக்கும் முறையைக் காண்பார். மருந்தியல் மாணவர் கடையில் வாங்கிய நோவு மாத்திரைகள் வயிற்றுக்கும் சிறுநீரகத்திற்கும் கேடு செய்யுமோ எனப் பார்ப்பார். செவிலிய மாணவி உறக்கத்தை வினவுவார். சமூகப்பணி மாணவர் இழந்த கூலியைக் கணக்கிடுவார். தனித்தனியே சென்றால் தொழிலாளி ஐந்து முறை ஒரே கதையைச் சொல்லி, ஐந்து அறிவுரைகளுடன் திகைத்து நிற்பார். கூடி அமர்ந்தால் ஒரே திட்டம் பிறக்கும். "ஓய்வெடுங்கள்" என்னும் அறிவுரை நாட்கூலியாளருக்கு எவ்வளவு கடினம் என்பதையும் மருத்துவ மாணவர் அங்கேதான் உணர்வார்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் சிலவற்றை மறத்தலாகாது. நோயாளியின் இசைவு முதற்கண் வேண்டும். தேர்ந்தவர் மேற்பார்வை வேண்டும். கேட்டறிந்த செய்திகளை வெளியிடலாகாது. நோவு முற்றும் நீங்கும் என வாக்களித்தலும் தவறு. நன்றாக உறங்குதல், கோயில் வரை நடத்தல், அரைநாள் வேலை செய்தல் என அவரே விரும்பும் இலக்கை முதலில் குறிக்க வேண்டும். சில வாரங்களில் மாணாக்கர் மீண்டும் சென்று பயனை அறிதல் இன்றியமையாதது. திரும்பிச் செல்லாத கல்வி, நோயாளியைப் பாடப்பொருளாக்கியதன்றி அவருக்கு உதவியதாகாது.