அப்போது உங்களுக்கு எத்தனை வயது?

ஒரு வீட்டில் அப்பாவுக்குத் திடீரென வேலை போய்விடுகிறது. அக்காவுக்கு வயது பன்னிரண்டு, தம்பிக்கு நான்கு. வந்தது ஒரே கஷ்டம்தான். அது இரண்டு பேரையும் ஒரே மாதிரியா பாதிக்கும்?

இப்படிக் கேட்டு, பதிலையும் தேடிப் போனவர் கிளென் எல்டர். அமெரிக்கச் சமூகவியலாளர். மனிதர்கள் சேர்ந்து வாழும் விதத்தை ஆராயும் அறிவியல்தான் சமூகவியல்.

1929இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆலைகளும் வங்கிகளும் வரிசையாக மூடப்பட்டன. 1933 வாக்கில் அமெரிக்காவில் நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. இதைப் பெருமந்தம் என்பார்கள். அதே காலத்தில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், 1920-21இல் பிறந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறிப்பெடுத்து வந்தார்கள். குழந்தைகளின் உடலும் மனமும் எப்படி வளர்கின்றன என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம். வறுமையை ஆராய அவர்கள் கிளம்பவில்லை. அதுவாக வந்து அந்தக் குறிப்புகளுக்குள் பதிந்துவிட்டது!

1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்த எல்டர் அந்தப் பழைய கோப்புகளைப் பிரித்தார். 167 பிள்ளைகளின் கதை அவற்றில் இருந்தது. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்த குடும்பங்களை ஒரு பக்கம் வைத்தார். அவ்வளவு இழக்காதவற்றை மறுபக்கம் வைத்து ஒப்பிட்டார்.

பணம் இழந்த வீடுகளில் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. பையன்கள் செய்தித்தாள் போட்டார்கள், கடைகளில் வேலை பார்த்தார்கள். பெண் பிள்ளைகள் சமையலையும் வீட்டு வேலையையும் கையில் எடுத்தார்கள். (பெண்ணுக்கு வீடு, பையனுக்குச் சம்பளம் என்ற இந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.) தங்களை நம்பி வீட்டில் வேலை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வளர்ந்தபின் அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள்.

ஆனால் பக்கத்து நகரமான பெர்க்லியில், இதேபோல் ஆய்வாளர்கள் கவனித்து வந்த இன்னொரு குழு இருந்தது. 1928-29இல் பிறந்தவர்கள். மந்தம் கடுமையாக இருந்தபோது இவர்கள் சின்னஞ்சிறு குழந்தைகள். வேலைக்குப் போய் உதவ முடியாத வயது, வீட்டின் சங்கடத்திலிருந்து விலகியிருக்கவும் முடியாத வயது. பணம் இழந்த வீட்டுப் பையன்கள் பதின்பருவத்தில் தன்னம்பிக்கை குறைந்தவர்களாக இருந்தார்கள். பெண் பிள்ளைகளிடம் அந்த அளவு பாதிப்பு இல்லை. அவர்கள் அம்மாவோடு இன்னும் நெருக்கமாகியிருந்தார்கள்.

எல்டரின் ஆய்வில் என்னை மிகவும் தொட்ட பகுதி இனிமேல்தான் வருகிறது. பணக் குறைவு குழந்தையை எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது? பெரும்பாலும் பெரியவர்களின் முகத்தின் வழியாக, குரலின் வழியாக. வருமானம் போன பிறகு சில அப்பாக்கள் எரிந்து விழுந்தார்கள். இன்று ஒன்றுமே சொல்லாத தப்புக்கு நாளைக்குக் கடுமையாகத் தண்டித்தார்கள். குழந்தைகளை அதிகம் வாட்டியது இதுதான். ஒருவருக்கு நேர்வது அவரோடு நிற்பதில்லை, கூட இருப்பவர்களின் வாழ்க்கைக்குள்ளும் போகிறது. இதைப் ‘பிணைந்த வாழ்வுகள்’ என்று சொல்லலாம். எந்த வயதில் நேர்ந்தது என்பதும், யாரோடு பிணைந்திருக்கிறோம் என்பதும் எல்டர் வளர்த்த வாழ்க்கைப் போக்குக் கோட்பாட்டின் முக்கியமான கேள்விகள். 1974இல் ஓக்லாந்துப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது.

பெர்க்லிப் பையன்களின் கதை பதின்பருவத்தோடு முடியவில்லை. அவர்களில் பலர் பின்னால் ராணுவத்தில் சேர்ந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வந்து, புதிய ஊர்களையும் மனிதர்களையும் பார்த்தபோது மெல்ல மெல்லத் தேறினார்கள்.

இந்த ஆய்வைச் சிறிய அளவில் நீங்களும் செய்து பார்க்கலாம். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடின அல்லவா? அப்போது உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்த நாட்களில் எது நினைவிருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். பாட்டியையும் விட்டுவிடாதீர்கள்.