தறிச் சத்தம் ‘பழகிடுச்சு’ என்கிறீர்களா?

சோமனூர், பல்லடம், குமாரபாளையம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் முதல் முறையாக நுழைகிறவர் சட்டென்று காதைப் பொத்திக்கொள்வார். அங்கேயே இருபது வருடமாகத் தறி ஓட்டுகிறவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். “எங்களுக்கெல்லாம் பழகிடுச்சுங்க” என்பார். அந்த வார்த்தையைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மண்வெட்டி பிடித்த கை காய்ச்சுப் போவது மாதிரி காது காய்ச்சுப் போவதில்லை. முன்பு தாங்க முடியாமல் இருந்த சத்தம் இப்போது சாதாரணமாகத் தெரிகிறது என்றால், பல நேரங்களில் கேட்கும் திறன் குறைய ஆரம்பித்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உட்காதில் சுமார் 15,000 முடி செல்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் அதிர்வு இவற்றை அசைக்கும்போதுதான் மூளைக்குச் செய்தி போகிறது. அதிக சத்தத்தில் இவை சோர்ந்துவிடும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் காது அடைச்ச மாதிரி இருப்பதும், ‘ஙொய்ங்’ என்று இரைவதும் அதனால்தான். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அதனாலேயே யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இதே கதை தினமும் நடந்தால் செல்கள் செத்துப்போகும். செத்த செல் மறுபடி முளைக்காது. அதை மீட்க மருந்தோ அறுவை சிகிச்சையோ இன்று இல்லை. காதொலிக் கருவி வைத்தால் சத்தம் கூடும், பழைய தெளிவு அப்படியே திரும்பாது.

பாதிப்பு முதலில் தெரிவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சு ஒலிகளில். ச, த, க மாதிரி எழுத்துகளைப் பிரித்தறிய இந்தப் பகுதி வேண்டும். அதனால்தான் “பேசறது கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல” என்ற நிலை வருகிறது. பேரக்குழந்தை பேசுவது பிடிபடாது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வதற்குச் சும்மா தலையாட்ட வேண்டியிருக்கும். இதை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள், டிவி வால்யூமை வைத்து.

எவ்வளவு சத்தம் அதிகம்? நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளின்படி 90 டெசிபல் என்றால் 8 மணி நேரம், 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம் என்பதுதான் வரம்பு. பழைய நாடாத் தறிகள் ஓடும் கூடங்களில் 95 முதல் 100 டெசிபல் சர்வ சாதாரணம். அங்கே 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பல நாடுகளின் நிபுணர்கள் 85 டெசிபலிலேயே பாதுகாப்பைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

அளக்க மொபைல் செயலிகள் இருக்கின்றன. ஆனால் போனுக்குப் போன் மைக் மாறுவதால் அந்த எண்ணைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட எளிய சோதனை உண்டு. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்தினால்தான் கேட்கிறது என்றால் அந்த இடம் காதுக்கு ஆகாது. தறிச் சத்தத்தை அமுக்க இயர்போனில் பாட்டைக் கூட்டி வைப்பவர்கள் இரட்டைச் சத்தத்தை உள்ளே அனுப்புகிறார்கள்.

கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் நிறைய உண்டு. சாதாரணப் பஞ்சு சில டெசிபல்தான் தடுக்கும், தறிக் கூடத்துக்கு அது போதாது. அழுத்தினால் சுருங்கி மெல்ல விரியும் ஃபோம் இயர்பிளக் மலிவுதான், ஆனால் வைக்கிற முறை முக்கியம். சுத்தமான கையால் மெல்லிசாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னாலும் இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். பிறகு இரண்டு காதையும் உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். சத்தம் இன்னும் நன்றாகக் குறைகிறது என்றால் சரியாக உட்காரவில்லை, மறுபடி வையுங்கள். காதில் சீழ் வடிந்தால் வைக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

வைத்ததை நடுவில் கழற்றக் கூடாது. 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றினாலே, 30 டெசிபல் தடுக்கும் பிளக் மொத்தத்தில் தருவது அதிகபட்சம் 12 டெசிபல் பாதுகாப்புதான். பேச வேண்டுமென்றால் கூடத்துக்கு வெளியே வந்து கழற்றுங்கள்.

துப்பாக்கி விஷயம் வேறு. தறி பல வருடத்தில் செய்வதை ஒரே வெடி செய்துவிடலாம். என்.சி.சி. மாணவர்கள் சுடும் பாயிண்ட் 22 ரைஃபிளே காதருகில் 140 டெசிபலை எட்டக்கூடும். 12 போர் துப்பாக்கி 150-ஐயும் தாண்டும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காது துப்பாக்கி வாய்ப்பக்கம் இருப்பதால் அதுவே அதிகம் பாதிக்கும். சுடுகளத்தில் பிளக், அதன் மேல் இயர்மஃப் என இரண்டும் போடுங்கள். வரிசையில் காத்திருப்பவரும், பயிற்சி கொடுப்பவரும், வேடிக்கை பார்க்கும் பெற்றோரும்தான். திருவிழா அதிர்வேட்டுப் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இதே ஆபத்து. வெடிச் சத்தத்துக்குப் பிறகு கேட்பது மங்கினால், எண்ணெய் ஊற்றிக் காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள்.

சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு சட்டப்படி ஒரு தொழில் நோய். 2025 வரை நடப்பில் இருந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும், 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலும் அது பட்டியலில் இருந்தது. இது பலருக்குத் தெரியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேறு கணக்கு. இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு வந்த பிறகுதான் ஒருவர் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’ என்ற வரையறைக்குள் வருவார். அவ்வளவு தூரம் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் தொழில் நோய்ப் பட்டியலின் பயன். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அந்த மருந்தகத்திலிருந்து தொடங்கலாம். அட்டை இல்லாதவர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம். கூடத்தில் சத்தம் வரம்பு மீறினால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் புகார் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். அதற்கு ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைக்கலாம். ஷிஃப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள். குறைந்தது 14 மணி நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போனால்தான் சரியான அளவு வரும், வார விடுமுறைக்கு மறுநாள் காலை வசதி. வேலைக்குச் சேரும்போது ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று எடுங்கள். ரிப்போர்ட்டைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துப் போனில் தனி ஃபோல்டரில் வையுங்கள், வீட்டில் இன்னொருவர் வாட்ஸ்அப்புக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.