அப்பம்மாவும் அம்மப்பாவும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து நயினாதீவுக்குச் செல்ல விரும்புபவர், பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையையும் புங்குடுதீவையும் ஊடறுத்துச் செல்லும் பஸ் வண்டியிலேறிக் குறிகட்டுவான் துறையை அடைதல் வேண்டும். அங்கிருந்து மோட்டார்ப் படகில் ஏறினால் ஏறக்குறையக் கால் மணி நேரத்தில் நாகபூஷணி அம்பாள் கோயிற் கோபுரத்தின் முன்னே இறங்கலாம். ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் இவ்வழியே நான் சென்றபோது நிகழ்ந்த சிறு சம்பவமொன்று, பல ஆண்டுகளாக வகுப்பறையில் எனக்கு விளங்காதிருந்த ஒன்றை விளக்கி வைத்தது. கணிதம் என்றதும் இப்பக்கத்தைப் புரட்டிவிட எண்ணும் தாய்மாரும் தந்தைமாரும் சற்றே பொறுத்தருள்க. இங்கே கூறப்போவது பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கதையே.

படகிலே எனக்கு எதிரே ஒரு மூதாட்டியும், உயர்தர வகுப்பிலே கணிதம் பயிலும் அவருடைய பேர்த்தியும் அமர்ந்திருந்தனர். திருவிழாவுக்குப் போகும் வழியிலும் அப்பிள்ளை மடியிலே அப்பியாசக் கொப்பியை விரித்து வைத்திருந்தாள். கடற்காற்றில் தாள்கள் படபடத்தன. அவளுடைய கண்களோ கலங்கியிருந்தன. நான் ஓர் ஆசிரியன் என்பதை அறிந்ததும் கொப்பியை என்னிடம் நீட்டினாள்.

“சேர், நாலு தரம் செய்து பாத்திட்டன். 35 தான் வருது. விடை 121 எண்டு போட்டிருக்கு. எனக்குக் கணக்கு ஓடாது எண்டு நினைக்கிறன். வேறை பிரிவுக்கு மாறப் போறன்.”

அவளை அழவைத்த வினா இதுதான். ‘இ’ என்னும் சார்பு ஓர் எண்ணை இரட்டித்து மூன்றைக் கூட்டும். ‘வ’ என்னும் சார்பு ஓர் எண்ணை வர்க்கிக்கும், அஃதாவது அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கும். அவ்வாறாயின் வ(இ(4)) என்பதன் பெறுமானம் யாது?

நான் வாய்திறப்பதற்குள், அருகிலே நின்ற நடுத்தர வயதினர் ஒருவரை மூதாட்டி உற்று நோக்கினார். உடையைப் பார்த்தால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் போலத் தோன்றியது. “தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?” என்று தொடங்கிய விசாரணை, இரண்டு நிமிடத்தில் முடிவுக்கு வந்தது. தீவகத்து மக்கள் 1990களின் தொடக்கத்திலே பெருந்தொகையாக இடம்பெயர்ந்து பல நாடுகளுக்கும் சிதறியவர்கள். அதனால், உறவை வேரிலிருந்து துருவி அறிவது இத்தகைய மூதாட்டிகளுக்குக் கைவந்த கலையாயிற்று.

“பிள்ளை, இவற்றை அம்மப்பாவும் என்ரை அப்பாவும் அண்ணன் தம்பி. அப்ப உனக்கு இவர் மாமா முறை” என்றார் பேர்த்தியை நோக்கி.

“ஆர் அம்மம்மா? இவற்றை அப்பம்மாவோ?” என்றாள், கணக்கிலேயே மனம் பதிந்திருந்த பிள்ளை.

“அம்மப்பா எண்டு சொன்னனான், அப்பம்மா எண்டில்லை. மாறிச் சொன்னால் ஆளே மாறிப் போகும்!”

இச்சொற்களைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே எழுந்தன. நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியும் மாணவர் நெஞ்சிற் பதியாத ஒரு விதியை, இந்த அம்மையார் ஒரே வாக்கியத்தில் உரைத்துவிட்டாரன்றோ!

சார்பு என்பது யாது? ஒன்றைக் கொடுத்தால், ஐயத்துக்கு இடமின்றி மற்றொன்றை, ஒன்றே ஒன்றை, திருப்பித் தரும் விதியே சார்பு. ‘அப்பா’ என்பது ஒரு சார்பு. எந்த மனிதரை எடுத்துக்கொண்டாலும் அவரைப் பெற்ற தந்தை ஒருவரே. ‘அம்மா’ என்பதும் அத்தகையதே. ஆனால் ‘மகன்’ என்பது சார்பாகாது. ஒருவருக்கு நான்கு மைந்தர் இருக்கலாம். ஒருவரும் இல்லாதிருக்கவும் கூடும். இக்கருத்துக்கு இலத்தீன் மொழியிற் பெயரிட்டவர் செருமானிய அறிஞர் இலைபுனிட்சு. 1673 இல் எழுதிய கைப்பிரதியில் அச்சொல்லை அவர் ஆண்டார். சார்பின் பெயரை எழுதி, அதனருகே அடைப்புக்குறிக்குள் எண்ணை எழுதும் இன்றைய வழக்கத்தை 1734 இல் கையாண்டவர் சுவிற்சர்லாந்தினரான ஒயிலர்.

இனி, ஒரு சார்பு தந்த விடையை அப்படியே மற்றொரு சார்பினிடம் ஒப்படைத்தால் பெறப்படுவதே சேர்க்கைச் சார்பு. ‘அப்பா’, ‘அம்மா’ என்னும் இரண்டே சார்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் நான்கு சேர்க்கைகள் பிறக்கும். அந்நான்குக்கும் யாழ்ப்பாணத்து மழலைகள் பெயர் வைத்திருக்கின்றன: அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா. சேர்க்கைச் சார்பை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிலேயே காட்டும் பேச்சுவழக்கு நமக்கு வாய்த்திருப்பது பெரும் பேறு. நம்முடைய பிள்ளைகள் பள்ளிக்கூட வாயிலை மிதிப்பதற்கு முன்னரே சேர்க்கைச் சார்பை நாவிலே ஏந்தி வருகின்றனர். அப்பம்மா ஒரு பெண். அம்மப்பா ஓர் ஆண். வரிசை மாறினால் ஆள் மாறுவதை எந்தக் குழந்தைக்கும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின் நம் பிள்ளைகள் இக்கணக்கிலே ஏன் இடறுகின்றனர்? நாம் தமிழிலே உறவைச் சொல்லும்போது நம்மிடமிருந்தே தொடங்குகிறோம். ‘என்னுடைய அப்பாவுடைய அம்மா’ என்கிறோம். முதலில் நான், அடுத்து அப்பா, இறுதியில் அம்மா. நடக்கும் ஒழுங்கும் சொல்லும் ஒழுங்கும் ஒன்றே. கணிதக் குறியீட்டிலோ இதனை அம்மா(அப்பா(நான்)) என எழுதுதல் வேண்டும். கடைசியில் நிகழ்வது முதலில் நிற்கிறது. முதலில் நிகழ்வது உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்திலே ‘அம்மா’ என்பதை முதலிற் கூறி, ‘அப்பா’வை அதன்பின் வைத்து, ‘நான்’ என்பதிலே முடிப்பதும் இயல்பான வழக்கு; ஆதலால் இக்குறியீடு அம்மொழியினர் செவிக்கு அத்துணை அந்நியமாய் ஒலிப்பதில்லை. தமிழ்ப் பிள்ளையோ, பேசிப் பழகியபடியே இடப்புறத்திலிருந்து தொடங்கிவிடுகிறது.

படகிலிருந்த பிள்ளையும் அதனையே செய்திருந்தாள். வ(இ(4)) என்பதிலே முதலிற் கண்ட ‘வ’வை முதலிற் பிரயோகித்து, நான்கை வர்க்கித்து 16 எனப் பெற்றாள், பின்னர் இரட்டித்து மூன்றைக் கூட்டி 35 எனக் கண்டாள். அவளுடைய கணிப்பிலே ஒரு பிழையும் இல்லை. கேட்கப்பட்டது அப்பம்மாவை, அவள் அழைத்து வந்தது அம்மப்பாவை!

செய்யவேண்டிய முறை எளிது. அடைப்புக்குறிக்குள் மிக உள்ளே இருப்பவர் யாரென்று முதலிற் பார்த்தல் வேண்டும். இங்கே அது 4. அதனை அடுத்து நிற்கும் சார்பு ‘இ’. நான்கை இரட்டித்தால் 8. மூன்றைக் கூட்டினால் 11. இந்த 11 ஐ ‘வ’விடம் ஒப்படைத்தால், 11 இன் வர்க்கம் 121. இதுவே விடை. எண்ணுக்குப் பதிலாக ‘ய’ என்னும் எழுத்து நின்றாலும் முறை மாறாது. இ(ய) என்பது 2ய + 3. அதனை முழுமையாக அடைப்புக்குறிக்குள் வைத்து வர்க்கித்தால் வ(இ(ய)) = (2ய + 3)², அஃதாவது 4ய² + 12ய + 9. வரிசையை மாற்றினால் இ(வ(ய)) = 2ய² + 3. ‘ய’வுக்கு 4 எனப் பிரதியிட்டுப் பாருங்கள், முன்னையது 121 ஐயும் பின்னையது 35 ஐயும் தரும்.

இங்கே மாணவர் விழும் வேறொரு குழியும் உண்டு. அடைப்புக்குறியைக் கண்டவுடன் பெருக்கல் என்று எண்ணி, இரண்டு சார்புகளின் விடைகளையும் தனித்தனியே கண்டு பெருக்கிவிடுவர். 11 ஐயும் 16 ஐயும் பெருக்கி 176 என எழுதிய விடைத்தாள்கள் பலவற்றை நான் திருத்தியிருக்கிறேன். அப்பம்மா என்பவர் அப்பாவையும் அம்மாவையும் பெருக்கிப் பெற்றவர் அல்லர் என்று சொன்னால் வகுப்பு முழுவதும் சிரிக்கும். சிரித்த பிள்ளை மறுமுறை அப்பிழையைச் செய்வது அரிது.

வரிசையின் அருமை கடைத்தெருவிலும் புலப்படும். 5000 ரூபாய்ச் சேலைக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழிவும், மேலும் 500 ரூபாய்த் தள்ளுபடியும் உண்டென்று வைத்துக்கொள்வோம். வீதக் கழிவை முதலிற் செய்தால் 4500, பின்னர் 4000. தள்ளுபடியை முதலிற் செய்தால் 4500, பின்னர் 4050. சேலை ஒன்றே, கழிவுகளும் அவையே. வரிசை மாறியதால் 50 ரூபாய் வேறுபடுகிறது. எனினும் வரிசை மாறியும் விடை மாறாத சேர்க்கைகளும் சில உண்டு. நம் பகுதிக் குடியிருப்புக் காணிகளிலே 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். குழியைப் பரப்பாக்க 18 ஆலும், பரப்பை ஏக்கராக்க 16 ஆலும் வகுக்கிறோம்; இரண்டையும் சேர்த்து 288 ஆல் ஒரேயடியாக வகுத்தாலும் விடை அதுவே. இரண்டு படிகள் ஒன்றாகி, ஒரு புதிய சார்பு பிறந்துவிடுகிறது.

நம் தீவுப் பயணத்திலும் ஒரு பாடம் உண்டு. பஸ் வண்டி ஒரு சார்பு: புறப்படும் நேரத்தைக் கொடுத்தால் துறையை அடையும் நேரத்தைத் தரும். படகு மற்றொரு சார்பு: துறையை அடைந்த நேரத்தைக் கொடுத்தால் தீவில் இறங்கும் நேரத்தைத் தரும். ஆயின் கடைசிப் படகு சென்ற பின்னர் பஸ் வந்து சேர்ந்தால்? பஸ் ஓடியது உண்மை, படகு ஓடியதும் உண்மை, பயணமோ இல்லை. ஒரு சார்பு ஏற்றுக்கொள்ளும் பெறுமானங்களின் தொகுதியை அதன் ஆட்சி என்பர். முதற் சார்பின் விடை இரண்டாவதன் ஆட்சிக்குள் அடங்கினாலன்றிச் சேர்க்கை நிகழாது. ஐந்தைக் கழித்துப் பின் வர்க்கமூலம் காணும் சேர்க்கைக்கு 9 ஐக் கொடுத்தால் 4, பின்னர் 2. ஒன்றைக் கொடுத்தாலோ முதலில் −4 வரும். அதற்கு மெய்யெண்களுள் வர்க்கமூலம் இல்லை. துறையிலே படகைத் தவறவிட்டவரின் நிலையே அதற்கும். நயினாதீவுக்காரரும் நெடுந்தீவுக்காரரும் இதனைக் கல்வியால் அறியவேண்டியதில்லை, அநுபவத்தால் அறிவர்.

இவற்றுட் பாதியைத்தான் படகிலே சொல்ல முடிந்தது. பிள்ளை கண்களைத் துடைத்துக்கொண்டு, தானே மற்றைய கணக்குகளையும் செய்தாள். கோபுரம் தெளிவாகத் தெரியத் தொடங்கிய வேளையில் தலையை நிமிர்த்தி, “சேர், அப்ப 121 இலிருந்து திரும்பி 4 க்கு வாறதெண்டால்?” என்று கேட்டாள். நான் விடை கூறவில்லை. “இன்று பின்னேரம் வீட்டுக்கு எப்படித் திரும்புவாய்?” என்று மட்டும் கேட்டேன்.

“முதல் வள்ளம், பிறகு பஸ்” என்றவள் சிறிது யோசித்தாள். அவள் முகம் மலர்ந்தது. கடைசியிற் செய்ததை முதலில் நீக்கவேண்டும். 121 இன் நேர் வர்க்கமூலம் 11, மூன்றைக் கழித்தால் 8, பாதியாக்கினால் 4. சேர்க்கையின் நேர்மாறு வரிசையைத் தலைகீழாக்கும் என்னும் விதியை, ஒருவரும் கூறாமலே அவள் கண்டுபிடித்துவிட்டாள். கணக்கு ஓடாது என்று சற்று முன் அழுத பிள்ளை அவளே!

இயற்கணிதம் நமக்குப் புதிய சரக்கன்று. வட்டுக்கோட்டைச் செமினறியிலே பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை, ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழிலே 1855 இல் வெளியிட்டார். அத்துறையை நம் மொழியிலே நின்று சிந்திக்கலாம் என்னும் துணிவு அக்காலத்திலேயே இம்மண்ணில் இருந்தது. இன்றோ குறியீட்டை மட்டும் மனனஞ்செய்வித்து, பிள்ளை இடறியவுடன் ‘இதற்குக் கணக்கு வராது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். நானும் அக்குற்றத்துக்கு விலக்கானவன் அல்லேன். ‘உள்ளிருந்து வெளியே’ என்று கரும்பலகையில் எழுதியதோடு என் கடமை முடிந்ததென்று இருந்த ஆண்டுகள் பல. அவ்வாண்டுகளிலே கணிதத்தைக் கைவிட்டுச் சென்ற பிள்ளைகளுள் எத்தனை பேர், வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தவர்களாய் இருந்திருப்பரோ என்று இப்போது எண்ணுகையில் நெஞ்சு உறுத்துகிறது.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை இத்தகைய கணக்கிலே தடுமாறினால், ‘எனக்குக் கணக்குத் தெரியாது’ என்று ஒதுங்கி நில்லாதீர்கள். பிள்ளையைப் பாட்டியின் அருகிலே இருத்தி, உறவு முறைகளைச் சொல்லச் செய்யுங்கள். அம்மம்மாவின் அப்பா யார், அப்பப்பாவின் அம்மா யார் என்று வினவுங்கள். பின்னர் அவற்றையே அடைப்புக்குறி இட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு மாலைப் பொழுதிலே பிள்ளைக்குக் கணிதமும் விளங்கும். மறைந்துபோகும் நம் உறவுகளின் பெயர்களும் ஒரு தலைமுறை கூடுதலாக வாழும்.

இறங்குதுறையிலே நான் விடைபெற்றபோது, மூதாட்டி பேர்த்தியின் கொப்பியை எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, கணக்குச் சரி வந்திட்டுதோ?” என்றார்.

“ஓம் அம்மம்மா. ஆளை மாறிக் கூப்பிட்டிட்டன், அவ்வளவுதான்” என்றாள் அவள்.

பிரிவை மாற்றுவது பற்றிய பேச்சை அதன்பின் அவள் எடுக்கவேயில்லை.