உப்பு விளையும் ஊரில் அயோடின் எங்கே?

வெயில் காலத்தில் தூத்துக்குடி பக்கம் போகிறவர்களின் கண்ணில், வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்கள் படாமல் இருக்காது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான். ஆனால், 2018-19-ல் நாடு முழுக்க நடந்த அயோடின் ஆய்வின் முடிவு தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை. போதுமான அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் சராசரியாக 76.3 சதவிகிதம். தமிழ்நாட்டில் 61.9 சதவிகிதம்தான். மாநிலங்களின் பட்டியலில் கடைசி இடம்.

பத்து வீடுகளில் கிட்டத்தட்ட நான்கு வீடுகளின் சமையலில் போதுமான அயோடின் இல்லை. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

குழந்தையின் மூளைக்கு வேண்டியது

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபது வருட வாழ்க்கைக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் நான்கு கிராம்கூட வராது. ஆனால், இந்தத் துளியூண்டு சத்து இல்லாமல் தைராய்டு சுரப்பியால் ஹார்மோனைத் தயாரிக்க முடியாது.

கர்ப்பிணிகளுக்குத் தேவை இன்னும் அதிகம்... 250 மைக்ரோகிராம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சிசுவுக்குச் சொந்தமாக தைராய்டு ஹார்மோன் சுரக்காது. தாயிடமிருந்து கிடைப்பதை வைத்துத்தான் அதன் மூளை வளர்கிறது. அந்த நேரத்தில் ஏற்படும் கடுமையான அயோடின் குறைபாட்டால் கருச்சிதைவு, காது கேளாமை, மனவளர்ச்சிக் குறைபாடு எல்லாம் வரலாம். குறைபாடு லேசாக இருந்தாலும் குழந்தையின் கற்கும் திறன் குறையலாம். பிறந்த பிறகு என்ன கொடுத்தாலும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

கழுத்தில் கழலை வந்தால் ஊருக்கே தெரியும். ஒரு குழந்தை பாடத்தில் பின்தங்கினால், 'மந்தமான பிள்ளை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உப்பைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது.

காங்க்ரா காட்டிய வழி

இதற்கான தீர்வு இந்தியாவுக்குக் கிடைத்தது இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில். கழலை நோய் மிகுந்திருந்த அந்தப் பகுதியில், டாக்டர் வி.ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் வழங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அயோடின் உப்பு போன பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்பு போன பகுதியில் அப்படிக் குறையவில்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது.

இதன் அடிப்படையில் 1962-ல் தேசிய கழலை நோய் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இது மலைப்பகுதி மக்களின் பிரச்னை மட்டுமல்ல என்பது பின்னர் தெரிந்தது. எல்லோருக்கும் அயோடின் உப்பு என்று 1984-ல் முடிவெடுக்கப்பட்டது.

போய் வந்த தடை

சமையலுக்கு அயோடின் இல்லாத உப்பை விற்க நாடு முழுக்கத் தடை 1998-ல் அமலுக்கு வந்தது. எதிர்ப்பும் கூடவே வந்தது. 'எதைச் சாப்பிடுவது என்று அரசு கட்டாயப்படுத்தலாமா?', 'சிறு உற்பத்தியாளர்கள் என்ன ஆவார்கள்?' என்று கேட்டார்கள். இது தனிமனிதர் விருப்பம் சார்ந்த விஷயம் என்று 2000-ம் ஆண்டில் மத்திய அரசு தடையை விலக்கிக்கொண்டது.

அடுத்து நடந்ததை எண்கள் சொல்கின்றன. 1998-99-ல் 49 சதவிகித வீடுகளில் போதுமான அயோடின் உள்ள உப்பு இருந்தது. 2002-03-ல் அது 30 சதவிகிதமாகச் சரிந்தது. 2006 மே மாதம் தடை திரும்ப வந்தது. 2009-ல் 71 சதவிகிதமானது.

சிறு உற்பத்தியாளர்களின் கவலை நியாயமானது. பொட்டாசியம் அயோடேட் கரைசலை உப்பின் மேல் தெளிப்பதுதான் வேலை என்றாலும் இயந்திரம், ரசாயனம், பரிசோதனை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதற்கு உதவுவது அரசின் பொறுப்பு. ஆனால், விருப்பம் என்று பேசும்போது, வயிற்றில் இருக்கும் குழந்தையிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.

கடல் உப்புதானே?

தமிழ்நாட்டில் பலரும் நம்புவது, 'கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கும்' என்பதை. மீனில் அயோடின் உண்டு. ஆனால், உப்பளத்தில் விளையும் உப்பில் தங்குவது மிக மிகக் குறைவு. இந்துப்புக்கும் இதே கதைதான்.

இன்னொரு காரணம், கல் உப்பு. குழம்புக்கும் ஊறுகாய்க்கும் அதுதான் ருசி என்பது பல வீடுகளின் பழக்கம். அதைக் கைவிட வேண்டியதில்லை; அயோடின் கலந்த கல் உப்பும் கிடைக்கிறது. ஆனால், சுத்திகரிக்காத, ஈரம் மிகுந்த உப்பில் அயோடின் நிலைக்காது. மூட்டையில் திறந்து வைத்து அளந்து விற்கும் உப்பில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லவே முடியாது.

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு தயாரிக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அயோடின் உப்பு, ரேஷன் கடைகளிலேயே கிடைக்கிறது. வாங்காமல் விடுவோர்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க...

* பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பாருங்கள். சமையலுக்கு அல்லாத உப்பும் கடைகளில் உண்டு.

* மூடி போட்ட டப்பாவில், அடுப்புச் சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

* கல் உப்பைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள். முடிந்தவரை சமையலின் கடைசியில் சேருங்கள்.

* அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. போடுகிற உப்பு அயோடின் உப்பாக இருந்தால் போதும்.

* தைராய்டு பிரச்னை உள்ளவர்கள் தாங்களாகவே உப்பை மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒருவருக்கு ஆண்டு முழுக்க அயோடின் உப்புக்காக ஆகும் கூடுதல் செலவு சில ரூபாய்தான். புதுமணப் பெண்ணோ, கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில், மாத மளிகைச் சீட்டில் வெறும் 'உப்பு' என்று எழுதாமல் 'அயோடின் உப்பு' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.