திரவிய விஞ்ஞானச் சஞ்சிகையின் எல்லை

திரவியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பொன்னும் மணியுமே பலர் நினைவுக்கு வருவன. விஞ்ஞானிகளோ அச்சொல்லை வேறொரு கருத்தில் வழங்குகின்றனர். பாலத்துக்கு உருக்கு, சாளரத்துக்குக் கண்ணாடி, கோப்பைக்குப் பீங்கான், வானொலிப் பெட்டிக்குக் குறைகடத்தி என்றவாறு, மனிதன் ஆக்கும் பண்டங்களுக்கு மூலமாவன யாவும் திரவியங்களே. அவற்றின் இயல்பை ஆராய்வது திரவிய விஞ்ஞானம். இத்துறைச் சஞ்சிகை ஒவ்வொன்றும், எத்தகைய கட்டுரைகளை ஏற்கும், எவற்றை ஏற்காது எனத் தன் எல்லையை வகுத்துக் கூறுவது வழக்கம். அவ்வெல்லை பதிப்பாசிரியரின் விருப்பு வெறுப்பால் மட்டும் எழுந்ததன்று. அறிவு வளர்ந்த வரலாறே அதனை வகுத்தது.

முற்காலத்தில் உலோகம் உருக்குவோர், கண்ணாடி வார்ப்போர், மட்கலம் வனைவோர் ஆகியோர் தத்தம் தொழிலைத் தனித்தனியே பேணி வந்தனர். அவரவர் நூல்களும் தனித்தனியே இருந்தன. ஒருவர் கண்ட உண்மை மற்றவருக்குப் பயன்படுதல் அரிதாயிற்று. இதன் விளைவை விளக்கக் கப்பல் ஒன்றின் கதை போதும்.

1943ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் ஒறகன் மாநிலத்திலுள்ள போட்லண்ட் நகரில், 'ஸ்கெனெக்ரடி' என்னும் புத்தம்புது எண்ணெய்க் கப்பல் துறையிலே கட்டப்பட்டு நின்றது. புயல் வீசவில்லை, பகைவர் குண்டு விழவில்லை. குளிர் மிகுந்த அவ்விரவில் பேரொலியுடன் அது நடுவே பிளந்தது. அந்த யுத்தகாலத்தில், தகடுகளை உருக்கி ஒட்டி விரைவாகக் கட்டப்பட்ட வேறு பல கப்பல்களும் வெடிப்புற்றன. சில கடலிலே இரண்டாக முறிந்தன, மாலுமிகள் மாண்டனர். அக்கப்பல்களுக்குப் பயன்பட்ட உருக்கு குளிரிலே நொறுங்கும் இயல்பினதாயிற்று. ஓரிடத்தில் தோன்றிய வெடிப்பு, ஒட்டப்பட்ட தகடுகளினூடே தடையின்றி ஓடிற்று.

வெடிப்பு ஓடுவது ஏன் என்பதற்கு அடிப்படையான விளக்கம் 22 ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறியிருந்தது. ஏ. ஏ. கிரிபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1921இல் பிரித்தானிய றோயல் சங்கத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடியில் இயல்பாகவே நுண்ணிய கீறல்கள் உண்டு. அதனை இழுக்கும்போது, கீறல் நீள்வதால் விடுபடும் சக்தி, புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான சக்திக்குக் குறையாதிருப்பின், கீறல் தானே ஓடும் என அவர் காட்டினார். கையால் கிழிக்க முடியாத துணி, ஓரத்தில் சிறிது வெட்டியவுடன் எளிதிற் கிழிவதை யாவரும் அறிவர். அதனை ஒத்ததே இதுவும்.

ஆயினும் உலோகம் கண்ணாடி போன்றதன்று. முறியுமுன் அது சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். அந்நெகிழ்ச்சியிற் செலவாகும் சக்தியையும் கணக்கிற் சேர்த்தால் கிரிபித்தின் கொள்கை உருக்குக்கும் பொருந்தும் என்பதை, அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் இர்வின் 1948இல் எடுத்துக் காட்டினார். கண்ணாடியில் கண்ட உண்மை உருக்கை வந்தடைய 27 ஆண்டுகள் சென்றன.

பல துறையினரும் ஒரே மேடையிற் கூடவேண்டும் என்னும் எண்ணம் வலுத்த அக்காலத்திலே, 1953இல், 'அக்டா மெற்றலேர்ஜிக்கா' என்னும் சஞ்சிகை தோன்றியது. புறூஸ் சாமேர்ஸ் அதன் முதற் பதிப்பாசிரியர். பெயருக்கேற்ப உலோகங்களையே அது முதலிற் கருதியது. உலோகத்துக்குக் கண்ட விதிகள் பீங்கானுக்கும் குறைகடத்திக்கும் பொருந்துவன எனத் தெளிவாகவே, 1990இல் அதன் பெயரில் 'மெற்றீரியாலியா' என்ற சொல்லும் சேர்ந்தது. 1996இல் 'அக்டா மெற்றீரியாலியா' என்பதே பெயராயிற்று. உலோகம் என்ற சொல் மறைந்து திரவியம் என்ற சொல் நிலைத்தது. எல்லை விரிந்தமைக்கு இப்பெயர் மாற்றமே சான்று.

எல்லை விரிந்ததெனினும் வரம்பு அழிந்துவிடவில்லை. ஆக்கும் முறை, உள்ளமைப்பு, இயல்பு ஆகிய மூன்றுக்கும் இடையேயுள்ள தொடர்பை விளக்குவதே அதன் நோக்கம். கொல்லன் உலையிற் காய்ச்சிய உருக்கைத் தண்ணீரிலே தோய்த்தால் அது கடினமாகும்; மெல்ல ஆறவிட்டால் மென்மையாகும். கலந்துள்ள மூலகங்கள் ஒன்றே. அணுக்கள் அடுக்கப்பட்ட விதமே வேறு. ஒரு மில்லிமீற்றரை ஒரு கோடி கூறாக்கினால் அவற்றுள் இரண்டு மூன்று கூறே அணுவொன்றின் அளவு. அத்துணை நுண்ணிய இடத்து நிகழும் மாற்றமே அரிவாளின் கூர்மையாக வெளிப்படுகின்றது.

ஆகவே, 'இன்ன கலப்புலோகத்தை ஆக்கினோம். அதன் வலிமை இவ்வளவு' என்று கூறுதல் மட்டும் போதாது. அவ்வலிமை எதனால் வந்தது என்பதையும் காட்டல் வேண்டும். துறை வல்லுநர் பிழை தேடிப் படித்து இசைந்த பின்னரே கட்டுரை அச்சேறும். பிறர் அப்பரிசோதனையை மீண்டும் செய்து பார்க்கத்தக்கவாறு முறைகளும் விளக்கப்படல் வேண்டும்.

இக்கண்டிப்பு புலவர் சபையின் வீண் பெருமை அன்று. காரணம் அறியாத வலிமை நம்பத்தக்கதன்று என்பதைப் போட்லண்ட் துறையிற் பிளந்த கப்பல் உணர்த்திற்று. கண்ணாடியை ஆராய்பவன் எழுதியதைக் கப்பல் கட்டுபவன் படிக்குமாறு செய்வதே இத்தகைய சஞ்சிகை ஆற்றும் பெருந்தொண்டு.